பாலத்தடியில் மாமா நனைந்தது

எங்கள் வாப்பாவிடம் ஒரு பழைய ஹயர் கார் இருந்தது. சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். என்னைக் கேட்டால் அந்தக் காருக்குக் குறை என்று ஒன்றும் கிடையாது. உம்மாவைக் கேட்டால் ஒன்று சொல்லுவார்: முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்க வேண்டிய இரண்டு குழாய்களும் அடிப்பதில்லை, துப்புகின்றன.

உண்மைதான். சுவிச்சை அழுத்தினால் பொனட்டுக்குள் மோட்டர் பெரிய ஆரவாரம் போடும். ஏதோ வரப்போகிறது என்று நானும் சீற்றில் எழும்பி நின்று பார்ப்பேன். இரண்டு சொட்டு எட்டிப்பார்த்து, கண்ணாடியைத் தொடாமலே பொனட்டில் வழிந்துவிடும். வேறு ஊரென்றால் இதை ஒருவரும் கணக்கெடுக்க மாட்டார்கள். எங்களுடையது கடலோரப் பாதை. சோளகக் காற்று எழும்பிவிட்டால் புழுதியும் உப்பும் சேர்ந்து கண்ணாடியில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். வைப்பர் அதை இன்னும் அழகாகப் பூசிவிடும்.

அது யுத்தக் காலம். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தடியில் ஆமிக்காரர்கள் சென்றி போட்டுக் காவல் நின்றார்கள். அவர்கள் கை காட்டினால் அந்த இடத்திலேயே கார் நிற்க வேண்டும். ஒருமுறை அந்த உப்புப் பூச்சுக்குள்ளால் வாப்பாவுக்குக் கை தெரியவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் பிரேக் போட்டிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி வந்தால் சுடுவோம் என்று துவக்கைத் தட்டிக் காட்டி அனுப்பினார்களாம். வாப்பா இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. அன்று காரில் போன மீன் வியாபாரி உம்மாவின் காதில் போட்டுவிட்டார். குழாய் சரிவரும்வரை கார் மன்னார்ப் பக்கம் திரும்பக்கூடாது என்று உம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

அப்போதுதான் மாமா வேலையைக் கையில் எடுத்தார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. கண்ணில் பட்ட எதையும் கழற்றாமல் விடமாட்டார். கழற்றியதைத் திரும்பப் பூட்டினாரா என்று மட்டும் கேட்கக்கூடாது.

ஆனால் இந்த விஷயத்தில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். தண்ணீர் கொதிக்கிற கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே சாமான் குழாயின் துளைகளையும் அடைத்திருந்தது. மாமா இரண்டையும் கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டு, உம்மாவின் தையல் ஊசியால் குத்தித் துப்புரவாக்கினார். உள்ளே போன ரப்பர் டியூப் வெடித்துக் கிடந்தது. அந்த நாளில் கார்ச் சாமான் எங்கே வந்தது? ஆசுபத்திரியில் தெரிந்த ஒருவரிடம் கெஞ்சி, சேலைன் ஏற்றுகிற டியூப் ஒன்றை வாங்கி வந்து பூட்டினார். எங்கள் கார் ஒரு நோயாளியாகிவிட்ட பெருமையில் நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

பூட்டி முடித்து அழுத்தினால், தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, பின்னால் நின்ற ஆட்டின்மேல் போய் விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். குழாயைக் கொஞ்சம் பதித்து வைக்கச் சொன்னார் வாப்பா. மாமா கேட்டால்தானே.

“ஓடுற காருக்குத்தான் மச்சான் வச்சிருக்கன். ஓட்டத்தில காத்து அதை அமத்திக் கண்ணாடியில கொண்டு வந்து போடும். பாருங்கோவன்.”

ஓடிப் பார்த்தார்கள். மாமா சொன்னபடியே நடந்தது. உம்மாகூட, இவன் வாழ்க்கையில் ஒரு வேலையை முடித்திருக்கிறான் என்று மெச்சினார்.

அடுத்த கிழமை மன்னாரில் ஒரு கலியாணம். வாப்பாவும் மாமாவும் முன்னால், உம்மாவும் நானும் பின்னால். எனக்குப் புதுச் சட்டை, மாமாவுக்கு வெள்ளைச் சேர்ட். அன்று காற்றும் பேய்க்காற்று. பாலத்தடியில் கை காட்டினார்கள், வாப்பா அந்த இடத்திலேயே நிறுத்தினார். இளம் ஆமிக்காரன் ஒருவன் வாப்பாவின் ஜன்னல் பக்கம் வந்தான். புழுதியில் உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியவில்லை போல. முன்கண்ணாடியைத் துடை என்று கையால் காட்டினான். வாப்பா பணிவாகச் சுவிச்சை அழுத்தினார்.

கார் ஓடவில்லை. தண்ணீரை அமத்த ஓட்டமும் இல்லை. அது நேரே மேலே எழும்பியது. பக்கத்திலிருந்து வந்த சோளகம் அதை அப்படியே தூக்கி அந்தப் பெடியனின் முகத்தில் அடித்தது.

அவன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். தள்ளி நின்ற இரண்டு பேரும் நீட்டினார்கள். உம்மா என் தலையைப் பிடித்து மடிக்குள் அமத்தினார். நான் விடுவேனா? நெளிந்து நெளிந்து சீற்றுகளுக்கு இடையால் எட்டிப் பார்த்தேன்.

மாமா கதவைத் திறந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார். பொனட்டைச் சுற்றி மெதுவாக நடந்து வாப்பாவின் பக்கம் வந்தார். “வத்துர மாத்தயா, வத்துர” என்று, தண்ணீர்தான் ஐயா என்பதைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு துவக்குகளுக்கு முதுகைக் காட்டி, வாப்பாவின் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னொருக்கா அடியுங்கோ மச்சான். என்ர மேல படட்டும்.”

வாப்பா சுவிச்சை அழுத்தினார். தண்ணீர் எழும்பி மாமாவின் தலையில் கொட்டியது. மாமா கண்ணை மூடி, கிணற்றடியில் குளிப்பவர் மாதிரித் தலையைத் தேய்த்தார். கையில் இல்லாத சவர்க்காரத்தைக் கமக்கட்டில் போட்டுத் தேய்த்தார். மூக்கைச் சிந்தினார். முதலில் தள்ளி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு நனைந்தவனும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். போ என்று கையை வீசினார்கள்.

பாலம் கடந்ததும் வாப்பா காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். உம்மா பின்னாலிருந்து எட்டி, சாரித் தலைப்பால் தம்பியின் தலையைத் துவட்டினார். தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கோ வந்ததே கோபம். அத்தனை பேர் சிரிக்கச் சிரிக்க மாமா தனியாகத் தண்ணீர் விளையாடிவிட்டு வந்திருக்கிறார், என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. புதுச் சட்டை நனைந்துவிடும் என்றுதான் உம்மாவும் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார். கலியாண வீட்டில் மாமா ஊட்ட வந்த வட்டிலப்பத்தைத் தட்டிவிட்டு, அன்று பொழுதுபடும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.