பாப்பா கையில் பஸ் சாவி

ஓசூர்க் கம்பெனி வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் ஒன்று கடந்து போனால் தலை தானாகத் திரும்பிவிடும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள், கழுத்தில் ஐடி கார்டு, மடியில் டிபன் பை. நானும் அப்படித் தூங்கி வழிந்தவள்தான். பாரூர் ஏரிக்கரையில் ஏறினால் ஓசூரில் கம்பெனி கேட்டில்தான் கண் திறப்பேன். அந்தத் தூக்கம் இப்போது மெத்தையில்கூட வருவதில்லை. அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேரையும் மறுபடி ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒருநாள் விடியும்போதே பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எங்கள் பஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. அங்கே இறங்கிக் காட்டிவிட்டு, முடிந்தால் அரை நாளாவது வேலைக்குப் போகலாம் என்று யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, அவளையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். கம்பெனி பஸ்ஸில் குழந்தையை ஏற்றக் கூடாது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார், பார்க்காதது மாதிரி கியரைப் போட்டார்.

கிருஷ்ணகிரி டவுனை நெருங்கும்போது மடியில் கிடந்தவள் விறைத்தாள். கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் போட்ட கத்தலில் மொத்த பஸ்ஸும் விழித்துக்கொண்டது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். ஆளாளுக்குப் பையைத் துழாவினார்கள். வீட்டுச் சாவி, லாக்கர் சாவி, ஸ்கூட்டி சாவி என்று கைக்குக் கை மாறி வந்தன. பின் சீட்டு அக்கா தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பிள்ளையின் கைக்குள் திணித்தாள். இழுப்பு நிற்கவில்லை. ஸ்டாப்பிங்குகளில் ஆட்கள் கை காட்டிக்கொண்டு நின்றார்கள், அண்ணன் எங்கேயும் பிரேக்கைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை வாசலிலேயே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தி, வண்டிச் சாவியையும் உருவி அவள் கையில் வைத்து மூடினார். ஒன்னும் ஆகாது, ஓடும்மா என்றார்.

உள்ளே, குழந்தைகள் பிரிவில், பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூக்கில் மருந்து அடித்து, முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் விரல்களைப் பிரித்தார். சாவிகள் கட்டிலில் கொட்டின. பிஞ்சு உள்ளங்கை சாவி அழுந்திச் சிவந்திருந்தது. வலிப்பு வந்த பிள்ளைக்குக் கையிலும் எதையும் கொடுக்கக் கூடாது, வாயிலும் எதையும் வைக்கக் கூடாது, இப்படிச் சாய்த்துப் படுக்க வைத்தால் போதும் என்று கடுகடுத்துவிட்டு, சாவிகளை ஒரு டிரேயில் அள்ளிப் போட்டார்.

இழுப்பு நின்றது. ஆனால் அவள் விழிக்கவில்லை. ரொம்ப நேரம் இழுத்திருக்கிறது, கண் விழித்து ஆளை அடையாளம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

டாக்டருக்குப் படிக்கிற ஆஸ்பத்திரி அல்லவா, மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் கேட்டதையே அடுத்தவரும் கேட்டார். காய்ச்சல் எப்போதிலிருந்து, முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. கடைசியாக வந்த பெண்ணிடம் பாய்ந்துவிட்டேன். போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு தடவை போட்டுக் கேளுங்கள் என்றேன். அந்தப் பெண் துணியை நனைத்து என் மகளுக்கு உடம்பு துடைத்துவிட ஆரம்பித்தாள். மற்றவர்கள் போன பிறகும் அவள் போகவில்லை. இன்றைக்கு எங்கேயோ பெரிய டாக்டராக இருப்பாள். நன்றாக இருக்கட்டும்.

வெளியே அதற்குள் ஒரே கூத்து. சாவி இல்லாத பஸ் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஆம்புலன்ஸ் அலற, செக்யூரிட்டி கத்த, பெண்கள் எல்லாரும் இறங்கி யூனிபார்மோடு பஸ்ஸைத் தள்ளி ஓரங்கட்டினார்களாம். ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது. சூப்பர்வைசரிடமிருந்து போன் மேல் போன். நர்ஸம்மா பஸ் சாவி யாருடையது என்று ஆள் அனுப்பிக் கேட்டார். அண்ணன் வார்டு வாசல் வரைக்கும் வந்தார். டிரேயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"பாப்பா முழிக்கட்டும் சிஸ்டர். குடுத்த இரும்ப நடுவுல வாங்கக் கூடாது."

கம்பெனிக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று நர்ஸம்மா கேட்டார்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லிட்டேன். நெசந்தானே."

டாக்டரம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்னொரு திட்டு விழும் என்று பார்த்தேன். அவர் டிரேயை நகர்த்திக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். வெளியே இத்தனை பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் அன்று நான் விழாமல் நின்றேன்.

வெயில் ஏறிய பிறகு மகள் கண் திறந்தாள். டாக்டரம்மா ஓடி வந்து, என்னைக் காட்டி, இது யாரு என்று கேட்டார். அவள் என்னையே பார்த்தாள். முகத்தை, யூனிபார்மை, மறுபடி முகத்தை. வாயே திறக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, நீ இன்னிக்குக் கம்பெனிக்குப் போலயா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நர்ஸம்மா டிரேயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார், அங்கே எழுந்த ஆரவாரம் உள்ளே வரைக்கும் கேட்டது. இல்லடி கண்ணு, போகல, உன்கூடத்தான் இருக்கேன் என்றேன். தினமும் அவளைத் தூக்கத்திலேயே பக்கத்து வீட்டு நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறவள் நான். அவள் கண் விழிக்கிற நேரத்தில் எதிரே அம்மா இருப்பது அவளுக்குப் புதுசு.

அவள் என் கழுத்திலிருந்த ஐடி கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கும் எனக்குக் காய்ச்சல் வருமாம்மா?"