பிதுக்குப்பருப்பும் ரோடு எஞ்சினும்

எங்கள் அத்தைக்கு எதைப் பார்த்தாலும் அதிசயம். எருமைக் கன்று தும்மினால் அதிசயம். களியைக் கிண்டி இறக்கும்போது எழும் ஆவி அதிசயம். கேழ்வரகு அறுத்து முடிந்த கொல்லையில், பனியில் நனைந்துகொண்டு நிற்கும் அவரைச் செடி பெரிய அதிசயம். கர்நாடக எல்லையோரம் தளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள் அவள். வரும்போது கொஞ்சம் கன்னடத்தையும் கொண்டுவந்திருந்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, "நோடு புள்ள, இங்க வந்து நோடு" என்று கூப்பிடுவாள். 'நோடு' என்றால் பார். என்னவோ ஏதோவென்று ஓடினால், கூரையில் ஒரு அணில் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் பிள்ளைகள் அவளுக்கு 'நோடு அத்தை' என்று பெயர் வைத்திருந்தோம். அப்பாவே சில சமயம் அப்படிச் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது அப்போது யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை. தம்பி வீட்டில் வந்து ஒண்டியிருக்கிறவளுக்கு அடுப்படி வேலைதான் பிடிமானம். அது கைவிட்டுப் போனால் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளாகிவிடுவோம் என்று பயந்திருப்பாள். விரல்களைக் கொண்டே காலத்தை ஓட்டினாள். விரலுக்கு எட்டாததை என்னிடம் கேட்பாள். "அது என்னா கலரு புள்ள?" என்பாள். அவரைப் பூவை ஒரு தடவை சிவப்பு என்று சொன்னேன். ஊதா என்று ஊருக்கே தெரியும். "செகப்பா! அப்படியா!" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் அதையும் சொல்லிக் காட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை.

மார்கழி வந்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பிதுக்குப்பருப்புக் குழம்புதான். அவரைக்காயை உரித்து, பருப்பை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிதுக்க வேண்டும். தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப்போய்ச் சட்டியில் விழும். அத்தை பிதுக்கினால் ஒன்றுகூடக் கீழே விழாது. ஒரே தொல்லை, புழு. ஓட்டை விழுந்த பருப்புக்குள் பச்சையாகச் சுருண்டிருக்கும், பருப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். "ஒன் கண்ணு சின்னக் கண்ணு, அதுக்குத் தப்பாது" என்பாள். அதை ஒரு பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

அந்த மார்கழியில்தான் பெங்களூர் ரோட்டுக்குத் தார் போட ரோடு எஞ்சின் வந்தது. சூளகிரியைத் தாண்டிவிட்டது, இன்றைக்கு நம் ஊர் எல்லைக்கு வந்துவிடும் என்று ஒரே பேச்சு. அன்று பார்த்து கிருஷ்ணகிரியிலிருந்து பெரிய மாமா வருவதாக இருந்தது. மாமா கைக்கடிகாரம் கட்டுகிறவர், சட்டையில் சுருக்கம் விழாமல் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர். அண்ணன் வருகிறார் என்று அம்மா நெல்லுச்சோறு வடித்தாள். குழம்புக்குப் பருப்பு அத்தை பொறுப்பு.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சட்டி பாதி நிறைந்திருந்தது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "எல்லாம் பாத்துட்டேன் அத்தை, ஒரு புழுவும் இல்ல" என்றேன்.

"நல்லாப் பாத்தியா புள்ள?"

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல!"

ஓட்டமாக ஓடினேன். எஞ்சின் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் அதன் நிழலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் உச்சி வெயில் வரைக்கும் அவர் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது மாமா இலையின் முன் உட்கார்ந்திருந்தார். கை சோற்றிலேயே நின்றிருந்தது. எதையோ விரல் நுனியால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு இன்னொன்று.

"என்ன தங்கச்சி, ஒங்க ஊர்ல இதுவும் போட்டுத்தான் கொதிக்க வைப்பீங்களா?" என்றார்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அத்தை கதவோரம் நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைச் சத்தமில்லாமல் அவள் எதிரே நீட்டினாள். அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் முகம் வேறெங்கோ பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தது. செம்பு அப்படியே காற்றில் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணி..." என்றாள் அம்மா. குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

"நான்தாம்மா சரியாப் பாக்கல. தப்பு என்னுதுதான்" என்றாள் அத்தை.

நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். 'பார்த்துவிட்டேன் என்று சொன்னது நான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மா கொடுமைக்காரி இல்லை. மறுநாள் முதல், "நீங்க சும்மா ஒக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். முறத்தைத் தொட்டால் அதையே சொன்னாள், அரிவாள்மனைப் பக்கம் போனால் அதையே சொன்னாள். அத்தை மாட்டுக்கொட்டகை ஓரம் வெயிலில் உட்காரத் தொடங்கினாள். 'நோடு' என்று யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் என் கண்ணைக் கடன் கேட்பதாக ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு உள்ளபடியே நிம்மதியாக இருந்தது. என் விளையாட்டை யாரும் கெடுக்கவில்லையே!

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். மாமா வந்துபோன மறுநாள் சாயங்காலம்.

"எஞ்சின் பாத்தியா புள்ள?"

நான் ஓடிப்போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நின்னுகிட்டுத்தான் இருந்துச்சு" என்றேன், அவள் பக்கம் திரும்பாமல்.

"அய்யோ பாவம், அவ்வளவு தூரம் ஓடினியே! ஓடுறப்ப பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு, என்னா?"

சரி என்றேன். நாலாம் நாள் எஞ்சின் ஓடியது. புகைக்குழலிலிருந்து கரும்புகை எழுந்து புளியமர உச்சியைத் தொட்டது. முன்னால் இருந்த இரும்பு உருளை எங்கள் வீட்டு வாசல் அகலம் இருக்கும். அது ஏறியதும் ஜல்லிக்கல் எல்லாம் நறநறவென்று பல்லைக் கடித்தது, பிறகு வாய் திறக்காமல் படுத்துக்கொண்டது. தரை அதிர்ந்தது உள்ளங்காலில் தெரிந்தது. ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்து இரண்டு தடவை ஊதினார். ஒரு நாய் குரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு ஓடியே போயிற்று. அத்தைக்கு அந்த நாய் ரொம்பப் பிடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். கொட்டகை ஓரம் அத்தை உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கினாள். எனக்குப் பசித்தது. நேரே களிச் சட்டிக்குப் போய்விட்டேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நான் நினைக்கவில்லை, மறந்தே போனேன்.

அடுத்த அவரை பூக்கும் முன் அவள் இறந்துபோனாள்.