நான் வைக்காத நேத்தி

தவக்கால நாற்பது நாளும் இறைச்சியை விட்டவளை எங்கள் கரையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லாரும்தான் விடுகிறார்கள். ஆனால் மீன்பிடிகாரன் பெண்சாதி மீனையும் விட்டால் கேட்பார்கள். போன தவக்காலத்தில் நான் மீன், றால், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் விட்டேன். பால்மா போட்ட தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

அதற்குக் கிளினிக்தான் காரணம். இரத்தத்தில் கொழுப்புக் கூட, பிரஷரும் கூட என்றார்கள். டொக்டர் சிங்களத்தில் கதைத்தார், எனக்கு விளங்கும். இறைச்சி, றால், பொரியல் குறைக்கச் சொன்னார். இலை வகை, பருப்பு, பயறு, கௌப்பி கூட்டச் சொன்னார். மீன் அளவோடு சாப்பிடலாமாம். அந்த "அளவோடு" தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அளவென்றால் எவ்வளவு? ஒரு துண்டா, அரைத் துண்டா? ஏழாம் வகுப்போடு நின்றவள் நான், டொக்டரிடம் இரண்டாம் தரம் கேள்வி கேட்க வாய் வராது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. பாலாவிச் சந்தி தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். முழுக்க நிப்பாட்டினால் அளவு பார்க்கத் தேவையில்லை.

என் அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் பாரிசவாதம் வந்தது. இடது கை இன்றைக்கும் வேலை செய்யாது. சட்டைப் பொத்தானை மகள்தான் பூட்டிவிடுகிறாள். எனக்கும் இப்போது அதே வயது. படுத்துக் கிடந்து கை மரத்துப்போனாலே இதுதானோ என்று விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பேன்.

முதல் கிழமையே என் பீங்கானைப் பார்த்துவிட்டு, "மாதாவுக்கு என்ன நேத்தி பிள்ளை?" என்று கேட்டார் என் புருஷனின் தாய். நான் பேசாமல் இருந்தேன். எங்கள் பக்கத்தில் நேத்தி, அதாவது நேர்த்திக்கடன், வைத்தவர்கள் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பலிக்காது என்பார்கள். ஆகவே என் மௌனமே பதிலாகிப் போனது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதுவரை "ஒரு சின்னத் துண்டு" என்று கரண்டியோடு நின்ற மாமி, அன்றிலிருந்து எனக்கு முருங்கை இலை வறையைத் தனியாக மூடி வைக்கத் தொடங்கினார்.

வினை அடுத்த கிழமை வந்தது. என் புருஷனின் மீன்பிடிப் போட்டுக்கு நல்ல மீன்பாடு. மூன்று நாள் தொடர்ந்து சூரை மீன். மாமி கரை முழுக்கச் சொல்லிவிட்டார், மருமகளின் நேத்திதான் என்று. போட்டில் போகிறவர்கள் என்னைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு மரியாதையாக நின்றார்கள். அவர்களில் ஒருவன், "அக்கா, கௌப்பியைக் கைவிட்டுடாதீங்க, நாங்க உங்களை நம்பித்தான் கடலுக்குப் போறம்" என்றான். பகிடியா உண்மையா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. காற்று அடித்தால் பயம். மீன் குறைந்தால் பயம். மாதாவிடம் கேட்காத ஒன்றுக்கு மாதாவின் பெயரில் மரியாதை வாங்குகிறேனே என்று, கோயிலில் முன் வாங்கில் இருக்கவும் பயம். பல தடவை மாமியிடம் சொல்ல வாய் திறந்தேன், ஒவ்வொரு தடவையும் உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் அன்று எல்லாருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. பன்றி இறைச்சியும் கணவாய்ப் பிரட்டலும். நேத்தி முடிந்தால் வீட்டுக்கு மூத்தவர் முதல் வாய்ச் சோற்றை ஊட்டிவிடுவது மாமி குடும்பத்து வழக்கம். இது எனக்கு யோசனையில் வரவே இல்லை. நேத்தி என்று ஒன்று இருந்தால் அதற்கு முடிவும் உண்டுதானே. இறைச்சித் துண்டொன்றைச் சோற்றோடு பிசைந்து மாமி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். எண்ணெய் அவர் விரல் இடுக்கால் வடிந்தது. போட்டுக்காரர்கள் உட்படப் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, நான் நேத்தி வைக்கல்ல."

கை அப்படியே நின்றது.

"என்ட உடம்புக்காகத்தான் விட்டனான். பாஸ்கு முடிஞ்சாலும் தின்ன மாட்டன்."

"அப்ப இவ்வளவு நாளும் மாதாவைச் சாட்டி எங்களை ஏமாத்தினியா?"

"நான் வாயே திறக்கல்ல மாமி. ஊரெல்லாம் சொன்னது நீங்க."

என் புருஷன் தலை நிமிராமல், நல்ல நாளில் ஒரு துண்டு தின்றால் செத்தா போவாய் என்று கேட்டார். ஒரு துண்டு, ஒரு துண்டு என்றுதான் அக்காவுக்கும் எல்லாரும் ஊட்டினார்கள், இப்போது அவளுக்குப் பொத்தான் பூட்ட உங்களில் யார் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். மாமி அந்த வாய்ச் சோற்றைத் தானே தின்றுவிட்டு எழும்பிப் போனார். நான் சிவப்பரிசிச் சோற்றையும் பருப்பையும் கங்குன் கீரை வறையையும் பீங்கான் துடைத்தாற்போல் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை மீன் இல்லை. யார்மேல் பழி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மாமி எனக்குத் தனியாக மூடி வைப்பதை நிறுத்திவிட்டார். நானே விடிய எழும்பி பயறு அவித்தேன், வல்லாரைச் சம்பல் போட்டேன். வைகாசிக் கிளினிக்கில் தாதியிடம், வெட்கத்தை விட்டு, மீன் எவ்வளவு என்று கேட்டேன். உள்ளங்கை அளவு ஒரு துண்டு, கிழமைக்கு இரண்டு தரம் என்றார். இப்போது அதையும் சாப்பிடுகிறேன், அதற்கு மேல் யார் ஊட்டினாலும் இல்லை.

அன்றைக்கு இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. பெரிதாக இல்லை, இறங்கியிருந்தது. கடிதாசியை வீட்டில் காட்டியபோது மாமி இரு கையாலும் கும்பிட்டு, இது மாதா செய்த புதுமை, அற்புதம் என்றார்.

"மாதா வந்து முருங்கை இலை ஆயல்ல மாமி. நான்தான் ஆஞ்சனான்."

சொன்னவுடன் பயம் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.