ஏழு பழைய போன்களும் ஒரு கட்டமும்

மேகாலயாவின் மலையூர் ஒன்றிலிருந்து அந்த மின்னஞ்சல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. எழுதியவள் ஒரு மாணவி. எங்கள் நிறுவனம் செய்யும் மென்பொருளில் மேற்கத்திய இசையைக் குறியீடுகளாக எழுதலாம். அவள் அதில் ஒரு பாட்டு எழுதியிருந்தாள். ஆறு தோழிகள் போனில் அதைப் பார்த்துப் பாட, பதிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் இசைக் கல்லூரிச் சேர்க்கைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். ஆனால் அவர்களிடம் இருந்த பழைய போனில் ஒரு குறியீடு மட்டும் வெறும் கட்டமாகத் தெரிந்தது. கட்டம் வருகிற இடத்தில் ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்களாம்.

அவள் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ‘என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது’ என்று பதில் போட்டேன். எங்கள் குழுவில் வேறு யாராவது இப்படிப் பதில் போட்டால் வள்ளென்று விழுகிறவள் நான். மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. எப்போதோ நானே ஏற்றி வைத்த இசை எழுத்துரு ஒன்று என் கணினியில் இருந்தது. மென்பொருள் அதை இரவல் வாங்கி எனக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

சோதிக்க எனக்குப் பழைய போன் வேண்டும். நிறுவனம் அனுப்பிவைத்ததெல்லாம் புதுசு. காரைக்காலில் நான் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்கார அக்கா. அவர் கணவர் குவைத்தில், தம்பிகள் இருவர் துபாயில். லீவில் வருகிற ஒவ்வொருவரும் ஒரு போன் கொண்டுவருவார். பழையதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒரு போன் கடையே இருக்கும்.

“அக்கா, ஓடுற மாதிரி பழைய போன் ஏதாச்சும் கெடக்குதா?”

“ஒண்ணா ரெண்டா? இந்தா, டின்னோட எடுத்துக்கம்மா.”

பெரிய பால்பவுடர் டின். உள்ளே ஏழு போன்கள். சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து சார்ஜ் ஏற்றினேன். புதன்கிழமை காலை ஒவ்வொன்றிலும் மென்பொருளை ஏற்றி அந்தப் பாட்டைத் திறந்தேன். ஐந்தில் ஒழுங்காகத் தெரிந்தது. ஆறாவதில், திரையின் நடுவே, கட்டம்.

“வந்துடுச்சுக்கா! கட்டம் வந்துடுச்சு!”

“கெட்டுப்போனதுக்கு ஏம்மா இந்தக் குதி குதிக்கிறே?” என்றார் சத்தம் கேட்டு மாடிக்கு வந்த அக்கா.

அவருக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே அது புதிதாகத் தெரிந்தது. உலகத்தில் மனிதர்கள் எழுதுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் உண்டு. நம் ‘அ’வுக்கு ஒன்று, அக்கா ஓதுகிற குர்ஆனின் அரபு எழுத்தான அலிஃபுக்கு ஒன்று, அந்த மலையூர்ப் பெண்ணின் குறியீட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒரே பட்டியல். எண் வந்து சேர்ந்துவிட்டது, அதற்கான வடிவம்தான் தன்னிடம் இல்லை என்று சொல்லத்தான் போன் கட்டம் போடுகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றுவதில்லை. தினமும் புழங்குகிற விஷயம்தான்; அன்றைக்கு என்னவோ மலைப்பாக இருந்தது.

எழுத்துருவை மென்பொருளுக்குள்ளேயே வைத்து அந்தப் போனில் மறுபடி ஏற்றினேன். ஒரு கட்டம் இருந்த இடத்திலெல்லாம் இரண்டு கட்டம் வந்தது! தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இசைக் குறியீடுகளின் எண்கள் பெரியவை. கணினி அவற்றை இரண்டு துண்டாக வைத்திருக்கும், சேர்த்தே எடுக்க வேண்டும். உள்ளே வைத்த எழுத்துருவில் தேடும்போது, அந்தப் பழைய போனில் மட்டும் எங்கள் நிரல் அவற்றை நடுவில் வெட்டியிருந்தது. வெட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க வியாழன் மத்தியானம் ஆனது. கடைசியில் திரையில் மண்புழு மாதிரி நெளிந்து ஒரு கோடு வந்து நின்றது. அடுத்தடுத்து நான்கு.

“மாஷா அல்லாஹ்! ஆமா, இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்றார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. அதன் எண் மனப்பாடம், அர்த்தம் தெரியாது. தேடிப் பார்த்தேன். ‘இங்கே தாளத்தில் ஒரு தட்டு நேரம் பாடாமல் இரு’ என்று அர்த்தம். பாடாமல் இருப்பதற்கும் மனிதர்கள் ஓர் உருவம் வரைந்து, அதற்கு ஓர் எண்ணும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று மாலையே புதிய பதிப்பை அவளுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த சற்று நேரத்தில் பதில் வந்தது. ‘எல்லாம் தெரிகிறது. ஆறு பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள். கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன்.’ கூடவே பாடிய பதிவு. கீழே ஓடி, அக்காவின் அந்த ஆறாவது போனிலேயே போட்டேன்.

ஆறு குரல்கள் மெல்ல ஏறின. பாஷை எங்கள் இருவருக்கும் புரியவில்லை. உச்சியில் சட்டென்று எல்லாம் நின்றது. போன் அணைந்துவிட்டதென்று அக்கா சார்ஜருக்குக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆறு பேரும் ஒரே மூச்சில் மறுபடி எடுத்தார்கள்.

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“ஒண்ணுமே பாடாத எடத்துல எனக்கு ஏம்மா அழுவ வருது?” என்றார்.