மூன்று அலை நேரம்

அமெரிக்கக் கிழக்குக் கரையின் மொன்டாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் நாரிஸ் ஹல்ஸ். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் முழங்கால்கூடச் சிராய்த்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. இன்னொரு பெருமை, உடம்பில் வரி ஓடும் பாஸ் மீன் பிடிப்பதில். அக்டோபரில் வடகிழக்குக் காற்று கிளம்பி, கடல் நுரைத்துப் பொங்கி, படகெல்லாம் துறைமுகத்தில் ஒடுங்கிக் கிடக்கும் நாளில்தான் பெரிய பாஸ் இரை தேடிப் பாறையடிக்கு வரும். அன்றைக்கு நாரிஸ் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கிவிடுவார்.

கூடப் போகிறவர் எல்வுட் ஸ்ட்ராங். கூரை போடுகிற தொழில். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகம். புதிதாக வருகிறவர்களுக்கு நாரிஸ் ஓயாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: "பக்கத்துல நிக்கிறவன் விழுந்தா, எவ்ளோ பெரிய மீன் மாட்டியிருந்தாலும் தூண்டில் நரம்ப அறுத்துடுங்க." அதற்கென்றே மார்பில் ஒரு கத்தி கட்டியிருப்பார்.

அப்படி ஓர் அக்டோபர்ச் சனிக்கிழமை மத்தியானம், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, ஒரே பாறையில் இருவரும் நின்றிருந்தார்கள். நாரிஸின் தூண்டில் கழி திடீரென்று வில்லாய் வளைந்தது.

"பாத்துடா, உன்னையே இழுத்துட்டுப் போயிடப் போவுது!" என்று எல்வுட் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பக்கவாட்டில் வந்த அலை அவரைப் பாறையிலிருந்து வழித்துக்கொண்டு போனது.

"நாரிஸ்!"

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். நாரிஸின் கை கத்தியைத் தொட்டது. அதே நேரம் மீன் மேலே புரண்டு முதுகைக் காட்டியது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு முதுகை அவர் பார்த்ததில்லை. எல்வுட் நன்றாக நீந்துவான், எழுந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஓர் அலை போனது. அடுத்த அலையில் எல்வுட்டின் கை மட்டும் தெரிந்தது. நாரிஸின் கை நரம்பு சுற்றும் ரீலுக்குத் திரும்பியது. மூன்றாவது அலையில் எதுவும் தெரியவில்லை.

கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த லோர்னா பெட்டி என்ற பெண், கழியை எறிந்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்து, எல்வுட்டின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்வுட் கேட்ட முதல் கேள்வி, "எத்தன பவுண்டுடா?"

"அம்பத்து மூணு."

"அப்பாடா! நாப்பதுன்னு சொல்லியிருந்தா எனக்கு மானமே போயிருக்கும்." பிறகு கட்டிலருகே இருந்த மனைவி பக்கம் திரும்பி, "பாவம், இவன் கத்தி உறையில சிக்கிக்கிச்சு. இல்லன்னா அறுத்திருப்பான்," என்றார்.

நாரிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். எல்வுட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூண்டில் கடைச் சுவரில் மீனோடு நாரிஸின் படத்தை மாட்டினார்கள். பதினொரு நாள் அது தொங்கியது. பன்னிரண்டாம் நாள் அவரே போய்க் கழற்றினார்.

"ஏன்யா? இந்த வருஷத்துக்கே பெரிய மீனு!" என்றார் கடைக்காரர்.

"கத்தி சிக்கல. கை அதுமேலதான் இருந்துச்சு. நான் அறுக்கல."

காபிக் கோப்பையோடு நின்ற லோர்னா, "தெரியும். கரையிலேர்ந்து பாத்துட்டுதானே இருந்தேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நாரிஸுக்கு.

அன்று மாலையே எல்வுட் ஃபோனில் கூப்பிட்டார். "முட்டாப்பயலே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? என் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன். நீ ஊருக்கே ஒப்பிச்சிட்ட. இப்ப அவ உன்ன வாசப்படி மிதிக்க விடமாட்டா."

"விடக் கூடாதுதான்டா," என்றார் நாரிஸ்.

அடுத்த அக்டோபரில் புயல் எச்சரிக்கை வந்த காலையில் எல்வுட்டின் வண்டி நாரிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. "வாடா, போலாம்."

"லோர்னாவக் கூட்டிட்டுப் போ."

எல்வுட் வண்டியைக் கியரில் போட்டார். "சரி" என்றார். இன்னொரு தடவை கூப்பிடுவார் என்று நாரிஸ் எதிர்பார்த்தார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.