பெயரை உடைக்காமல் ஏற்றுங்கள்

ஆசிரியப் பெருமக்களே, ஆட்சிக்குழுவினரே, அரைநாள் கூலியை இழந்து சிங்காநல்லூரிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் ஆலைத் தோழர்களே! நம் நூலகர் சௌந்தரம் அம்மா இறந்துவிட்டார். நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அதன்மேல் எனக்கு வழக்கில்லை. அவர் தொகுத்த நூலடைவைக் கொன்றது நோயன்று. நாம்.

செய்தி கைப்பேசியில் கல்லூரியின் குழுவில் காலையில் வந்தது. 'நூலகர் செளந்தரம் காலமானார்.' படித்ததும் என் விரல் தானாக அந்தப் பெயரின்மேல் போய் அழுந்தியது. சுட்டி 'செ'க்கும் 'ள'வுக்கும் நடுவில் வந்து நின்றது. பெயர் உடைந்திருந்தது. 'சௌ' ஓரெழுத்து. கொம்பிட்ட 'செ'வை அடித்துப் பக்கத்தில் 'ள'வைச் சேர்த்தாலும் கண்ணுக்கு ஏறக்குறைய அதே வடிவந்தான் தெரியும். கணினிக்கோ அது வேறு சொல். வாழ்நாளெல்லாம் அந்தப் பிழையோடு போராடியவரின் சாவுச் செய்தியையே அந்தப் பிழையோடு அனுப்பிவிட்டோம். அழுகை பிறகுதான் வந்தது.

அவர் பெயரில் முதலில் கைவைத்தவனே நான்தான். தமிழ்த்துறைக்கு வந்த புதிதில், ஒரு விழா அழைப்பிதழில் தூய தமிழ் கருதிச் 'சவுந்தரம்' என்று அச்சிட்டேன். அழைப்பிதழும் கையுமாகத் துறைக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க, இது எங்கப்பன் வெச்ச பேருங்க. மாத்தோணும்னா அவர்கிட்டக் கேட்டுப்போட்டு மாத்துங்க. சுடுகாட்டுலதான் இருக்கறாரு, வழி சொல்லட்டுங்களா?"

துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று தொடங்கிய நட்பு இது.

பெயர் என்பது அவருக்கு விளையாட்டன்று என்பதைச் செல்வி வந்த நாளில் கண்டேன். செல்வியின் தந்தை உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்கு இருந்தவர். பின்னர் சிங்காநல்லூரில் ஆலைத் தொழிலாளி. ஊர் தம்மை இழிவாக அழைத்த பெயரைக் களைந்தெறிந்து, கௌதமன் என்று தாமே சூட்டிக்கொண்டார். அந்தப் பெயரில் ஒரே ஒரு சிறுநூல் அச்சிட்டார். கூலி கேட்டதற்காக வாங்கிய அடிகளைப் பற்றிய நூல். வீட்டில் இருந்த பிரதி மழையில் நனைந்து போய்விட, மகள் நம் நூலகத்துக்கு வந்தார். முன்மேசையில் இருந்தவர் கணினியில் தேடிவிட்டு, "அப்படி ஆரும் இல்லீங்களே" என்றார்.

"பொஸ்தகம் இல்லீன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆளே இல்லீன்னா எப்படிங்க? அப்ப நான் ஆருக்குங்க பொறந்தேன்?"

அந்தக் குரல் கேட்டுச் சௌந்தரம் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, 'கெ' அடித்து 'ள' அடித்துத் தேடினார். கௌதமன் வந்துவிட்டார்.

"அம்மணி, உங்கப்பன் எங்கயும் போயிடலீங்க. நாங்கதான் ரெண்டாப் பொளந்து வெச்சுப்போட்டோம்."

செல்வி அந்தச் சிறுநூலை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைக்கூடப் புரட்டாமல், அட்டையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் தொடங்கியதுதான் அந்த நூலடைவு. ஆலைத் தொழிலாளரும் பண்ணைக் கூலிகளும் எழுதி, தாமே அச்சிட்டு, கடைவீதியிலும் ஆலை வாயிலிலும் விற்ற சிறுநூல்களை ஊரூராகத் தேடிக் கொணர்ந்தார். ஒவ்வொரு பெயரையும் உடையாத எழுத்தில் தம் கையாலேயே உள்ளிட்டார்.

கல்லூரி புதிய மென்பொருளுக்கு மாறியது. அதை நிறுவ வந்தவர் ஒத்திகையாக நூலடைவுக் கோப்பை ஏற்றிக் காட்டினார். திரையில் தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற குறிகள்.

"இங்கிலீஷ் எல்லாம் கரெக்டா வந்துருச்சு மேடம். தமிழ் மட்டுந்தான்" என்றார் அவர்.

"ஊட்டுல எல்லாரும் சௌக்கியம், அம்மா மட்டுந்தான் செத்துப்போச்சுங்கறீங்களா?"

சௌந்தரமே பிறகு இறங்கிவந்து, ஏற்றும்போது எழுத்துமுறை கேட்கும் கட்டத்தில் யூனிகோடு என்னும் ஒருங்குறியைத் தேர்ந்துகாட்டினார். தமிழ் தமிழாக வந்தது. அப்போது அவர் சொன்னது: "இப்படிக் கொசகொசன்னு வந்தாக்கூடப் பயமில்லீங்க, திருப்பிக்கலாம். கேள்விக்குறியா வந்துச்சுன்னா சோலி முடிஞ்சுதுங்க. அதுக்குள்ள எழுத்தே கெடையாது. வெறுங்கூடு."

அவர் மருத்துவமனையில் கிடந்தபோது நாம் என்ன செய்தோம்? ஆய்வுக்குழு வருகிறது என்று அவசரப்பட்டோம். அந்த ஒரு கட்டத்தில் எதைத் தேர்வது என்று அவரிடம் ஒரு சொல் கேட்க நமக்கு நேரமில்லை. கோப்பை ஏற்றினோம், திரையை யாரும் பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று கையெழுத்தும் இட்டோம்.

பிறகு பட்டியலைத் திறந்து பார்த்த நான் மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னேன். மூச்சுக்கருவியை விலக்கிவிட்டு ஒன்றே கேட்டார்.

"கொசகொசன்னுங்களா, கேள்விக்குறிங்களா?"

"கேள்விக்குறி."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "பழைய மிசின்ல மூலக்கோப்பு இருக்குதுங்க. அதை ஆரும் தொடாமப் பாத்துக்கோங்க" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

இப்போது கேளுங்கள். நூலக வாயிலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. புதிய பட்டியலில் காணப்படாத நூல்களும் பழைய கணினிகளும் கழிக்கப்படுமாம். நாளைக் காலை வண்டி வருகிறது. பட்டியலில் காணப்படாத நூல்கள் எவை? நாம் கேள்விக்குறியாக்கிய நூல்கள். பெயரை அழித்தவர்களும் நாமே. பெயரில்லை என்று தீர்ப்பெழுதி நூலைக் கூழாக்க அனுப்புகிறவர்களும் நாமே! பிறந்த ஊரில் பெயர் மறுக்கப்பட்டு, தாமே ஒரு பெயர் தேடிக்கொண்ட மனிதனுக்குக் கல்லூரியிலுமா பெயர் இல்லை? இதைச் செய்துவிட்டு அவர் படத்துக்கு மாலை போடுகிறோமே, அந்த மாலை யாருக்கு?

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். எந்தப் பெயரைக் கண்டாலும் அதன் நடுவே சுட்டியை வைத்து, உடைகிறதா என்று பார்க்கிறேன். அவர் படத்தின் கீழே நீங்கள் அச்சிட்டு ஒட்டியிருக்கும் பெயரில் சுட்டியை வைக்க வழியில்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆட்சிக்குழுத் தலைவரே, முதல்வரே, இரங்கல் தீர்மானம் வேண்டாம். அறிவிப்பைக் கிழியுங்கள். வண்டியை நிறுத்துங்கள். நூலகத்தின் சாவி உங்கள் மேசையில் இருக்கிறது. பழைய கணினி பின்னறையில் இருக்கிறது. செல்வி இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். எழுந்து வாருங்கள். மூலக்கோப்பைத் திறந்து, ஒருங்குறியைத் தேர்ந்து, மீண்டும் ஏற்றுவோம். ஏற்றி முடித்ததும் அந்த அம்மையார் தம் கையால் 'கௌதமன்' என்று அடித்துத் தேடட்டும். அவர் தந்தை திரையில் வரும்வரை இந்தக் கூட்டம் கலையக்கூடாது. எழுந்திருங்கள், இப்போதே!