எஞ்சினுக்கு நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க முடியாது. வேலணைத் தீவில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பவுசர் லொறியில் வரும் தண்ணீரைத்தான் நல்ல தண்ணீர் என்கிறோம். அதில் மகள் கை கழுவினால்கூட எனக்கு மனம் பதைக்கும். என் கணவரின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுபவர், அந்த நல்ல தண்ணீரில் ஒரு வாளி நிறைய எடுத்து மாதாமாதம் தன் காரின் எஞ்சினைக் கழுவுவார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"பாலத்தாலை போய்வாற காருக்கு வெளியிலையும் உப்பு, உள்ளையும் உப்பு. அதுக்கு மேலை கிணத்துத் தண்ணியையும் வார்த்தால் கருவாடுதான் பிள்ளை," என்றார். "கறிக்கு ஆகும். ஓட ஆகாது."

சோளகக் காற்று வீசும் மாதங்களில், யாழ்ப்பாணம் போகும் பண்ணைப் பாலத்தில் கடல் தூறலாக வந்து கண்ணாடியில் படிவதை நானே பார்த்தபிறகு மறுபடி கேட்கவில்லை. சிவப்பு வாளி நல்ல தண்ணீருக்கு, நீல வாளி கிணற்றுத் தண்ணீருக்கு என்பது மாமா வைத்த சட்டம். சிவப்பு வாளியைத் தவறிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனால் வீட்டில் வழக்குத்தான்.

மாமி நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் மாமாவும் நானும் முதலாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான். மகளை யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும் என்று நின்றவள் நான். பக்கத்துப் பள்ளிக்கூடமே போதும் என்றவர் மாமா. நான் விட்டுக்கொடுக்காததால், "அப்ப நானே கொண்டுபோய் விடுறன்," என்று பொறுப்பெடுத்தார். நான் தீவுக்குள்ளேயே இருக்கும் கந்தோருக்கு வேலைக்குப் பஸ்ஸில் போவேன். அவர்கள் இரண்டு பேரும் காரில் பாலத்தைக் கடந்து போவார்கள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் சொன்னாள்: "அம்மா, அப்பப்பா என்னட்டைத்தான் கேக்கிறவர், சிவப்போ பச்சையோ எண்டு."

"எங்கை?"

"ரோட்டு லைற்றிலை. நான் பச்சை எண்டாத்தான் போவார்."

மாமாவிடம் கேட்டேன். "பிள்ளைக்கு நிறம் பழக்கிறன்," என்று சிரித்தார். மகளுக்கு நேசறி படிக்கும்போதே எல்லா நிறமும் தெரியும். ஆனாலும் நான் அதை நம்பப் பார்த்தேன். கேற்றில் உரசிக் காரின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தபோது, மேசன் கேற்றை ஒடுக்கமாகக் கட்டிவிட்டான் என்று அவர் சொன்னதையும் அப்படித்தான் நம்பினேன். அந்தக் கேற் எத்தனையோ வருடமாக அதே அகலத்தில்தான் நிற்கிறது.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுவீர்," என்றார். "நான் பிறக்க முந்தியே அந்தப் பாலத்தாலை ஓடினவர் அப்பா. கண்ணை மூடிக்கொண்டும் ஓடுவார்."

அதுதான் என் பயம் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்வதும் பொய்யில்லை. மகள் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள் நான். தொண்டையில் சிக்கும் என்று முந்திரிப்பழத்தையும் இரண்டாக வெட்டித்தான் கொடுப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியின் சொல்லைக் கேட்டு ஒரு மனிதரின் கையிலிருந்து கார்த் திறப்பை எப்படி வாங்குவது? வாங்காமல் விட்டு, ஒருநாள் பாலத்தில் ஏதும் நடந்தால்? இரண்டு பக்கமும் கடல்.

அடுத்த சனிக்கிழமை காலை மாமா எஞ்சினைக் கழுவப் பொனற்றைத் திறந்தபோது, துணி பிடிக்கிறேன் என்று நானும் போய் நின்றேன்.

"கந்தோரிலை வேலை குறைஞ்சு போச்சோ?" என்று பகிடி பண்ணினார். போகச் சொல்லவில்லை.

எஞ்சின் ஆறிக் கிடந்தது. பற்றறி வயரைக் கழற்றினார். தண்ணீர் படக்கூடாத இடங்களைச் சொப்பிங் பைகளால் மூடி இறப்பர் வளையம் போட்டார். இதையெல்லாம் கைகளே செய்தன. விரல்களுக்கு எல்லா இடமும் தெரிந்திருந்தது. பிறகு பழைய பல்லுத்தீட்டும் பிரஷில் சவர்க்காரத் தூள் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினார். அப்போதுதான் பார்த்தேன். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். அதற்குப் பக்கத்திலேயே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கட்டியாகக் கிடந்தது.

"அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கிடக்கு மாமா."

முகத்தை மிகக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "அது நிழல் பிள்ளை."

நிழல் இல்லை. வெயில் நேராக அதன்மேல்தான் விழுந்தது.

தேய்த்து முடிந்ததும் தண்ணீர் மொள்ளும் பேணியை எடுத்தார். எஞ்சினுக்குச் சிவப்பு வாளி, கை கழுவ நீல வாளி, இரண்டும் அவரது காலடியில் இருந்தன. குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டு நீல வாளியில் பேணியை அமிழ்த்தி, எஞ்சினில் மெல்ல வார்த்தார். பிறகும் ஒரு பேணி. இன்னொன்று.

கார்க் கொட்டகை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் கைதட்டிச் சிரித்தாள். "அப்பப்பா பிழை! அது நீலம்! நீலம்!"

அவளுக்கு அது ரோட்டு லைற் விளையாட்டு.

மாமா நிமிர்ந்தார். நனைந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்:

"நீர் பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்?"

"ஓம் மாமா."

"ஏன் சொல்லேல்லை?"

மரியாதைக்காகப் பேசாமல் நின்றேனா, எனக்கு ஒரு முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தேனா என்பது இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

பேணியை என் கையில் தந்தார். "நல்ல தண்ணியை முழுக்க வார்த்துக் கழுவும். உப்பு நிக்கக் கூடாது," என்றார்.

நான் கழுவினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். துணியால் ஒற்றி, பைகளைக் கழற்றி, பற்றறி முனைகளில் வசிலின் பூசி முடிக்கும்வரை நின்றுவிட்டு, "சரியோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்," என்றேன். பொனற்றை அவரே மூடினார்.

ஞாயிறு பின்னேரம் நான் குசினியில் நின்றபோது வாசலில் வந்து சொன்னார்: "முழங்கால் குத்துது பிள்ளை. நாளையிலையிருந்து பள்ளிக்கூட வானுக்குச் சொல்லும்."

"ஓம் மாமா," என்றேன். எவ்வளவு காலமாக நான் வேண்டி நின்ற வார்த்தை அது. கேட்டதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கண் டொக்டரிடமும் பிறகு கூட்டிக்கொண்டு போனேன். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் கண்ணின் உட்பக்கத்தைப் பழுதாக்கிவிட்டதாம். மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். திரும்பும்போது மாமா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தார். பாலத்தில் ஏறியதும், "சனத்துக்கு முழங்கால் எண்டே சொல்லும். தம்பிக்கும்," என்றார். தம்பி என்றது என் கணவரை.

கணவருக்கு அப்படியே சொன்னேன். அவர் முழங்காலுக்குப் பூசும் மருந்து வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். மாமா அதை ஒவ்வொரு பின்னேரமும் கதிரையில் இருந்து பூசுகிறார். "கால் சுகமானால் திரும்ப ஓடுவார்தானே?" என்று கணவர் கேட்கும்போதெல்லாம், "பாப்பம்," என்கிறேன். இன்னும் ஒரு வருடம் ஓடியிருப்பாரோ, நான் அன்று போய் நிற்காமல் விட்டிருக்கலாமோ என்று சில நாட்களில் தோன்றும். பிறகு பாலம் நினைவுக்கு வரும்.

காலையில் வான் வந்து கோர்ன் அடித்தால், மகளின் புத்தகப் பையை மாமாதான் கேற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். முற்றத்தில் நன்றாகத்தான் நடக்கிறார். வான்காரரின் குரல் கேட்டதும் காலை இழுக்கத் தொடங்குகிறார். ஒருநாள் வலது கால், ஒருநாள் இடது கால். நான் திருத்துவதில்லை.